மல் தீவு: திரும்பி வந்த கழுகுகளின் ஊர்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கை தீவுக்குத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் மல் தீவுக்குப் போங்கள் என்பேன். காரணம், வெண்வால் கழுகு.

இறக்கையை விரித்தால் 2.4 மீட்டர் வரை போகும் பிரம்மாண்டமான பறவை இது. ஆட்டுக்குட்டிக்கு ஆபத்து என்று சுட்டும், முட்டைகளைத் திருடியும் இதைப் பிரிட்டனில் அடியோடு ஒழித்துவிட்டார்கள். கடைசிப் பறவை 1918-ல் ஷெட்லாந்து தீவுகளில் சுடப்பட்டது. அப்புறம் 1975-லிருந்து பத்து ஆண்டுகளில் நார்வேயிலிருந்து 82 இளம் கழுகுகளைக் கொண்டுவந்து, பக்கத்திலிருக்கும் ரம் தீவில் பறக்கவிட்டார்கள். அவற்றில் ஒரு ஜோடி மல் தீவில் கூடு கட்டி, 1985-ல் குஞ்சு வளர்த்துப் பறக்கவிட்டது. பிரிட்டனில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இயற்கைச் சூழலில் பிறந்து பறந்த முதல் குஞ்சு அது. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதாக இன்றும் ஆடு வளர்ப்பவர்களுக்கு வருத்தம் உண்டு. பிழைப்பு பாதிக்கப்படுகிறவர்களின் அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் மனிதர்கள் ஒழித்த ஓர் உயிரை மனிதர்களே திரும்ப வரவழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஓபன் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரி ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மல் தீவின் கிரெய்க்னூர் துறையை நெருங்கும்போது பாறை முனையில் டூவார்ட் கோட்டை தெரியும். மக்லீன் குலத்தாரின் கோட்டை. தீவுச் சாலைகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று அகலப்படுத்திய இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கை உயர்த்தி நன்றி சொல்வது இங்கே எழுதாத சட்டம்.

கழுகு பார்க்க லோக் நா கீல் கடற்கழிக்குப் போனேன். சாலை கிரிபன் பாறைச் சுவரின் அடியிலேயே போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அண்ணாந்து பார்க்க வைக்கும் பாறை. கழிக்கு மேலே 966 மீட்டர் உயரத்தில் பென் மோர் மலை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்த நிலம் இது. மலைச்சரிவுகள் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. காத்திருந்தேன். ஒரு கழுகு தாழ்வாக வந்து, கால்களை மட்டும் நீரில் நனைத்து, மீனோடு மேலே எழுந்தது. வெள்ளை வால் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் தொலைநோக்கியை என் கையில் கொடுத்து, “நீங்கள் பாருங்கள்” என்றார்.

கரையோரப் பாசிகளுக்கு நடுவே நீர்நாயையும் பார்க்கலாம், பொறுமை வேண்டும். டோபர்மோரி என்ற துறைமுக ஊரின் வண்ண வண்ண வீடுகள் படத்தில் பார்த்த அதே அழகு. மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம்.

அல்வா ஃபெர்ரி என்ற சிறு துறையிலிருந்து படகு ஏறி ஸ்டாஃபா, லுங்கா தீவுகளுக்குப் போவதைத் தவறவிடாதீர்கள். ஸ்டாஃபாவில் எரிமலைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து, சுருங்கி, வெடித்து, அறுகோணத் தூண்களாக நிற்கிறது. ஃபிங்கல் குகைக்குள் அலை புகும்போது எழும் முழக்கம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. லுங்காவில், மண் வளைகளில் கூடு கட்டும் பஃபின் என்ற கடற்பறவைகள். மனிதர்கள் இருந்தால் வேட்டைப் பறவைகள் கிட்டே வராது என்பதால், நாம் புல்லில் உட்கார்ந்ததும் வளைகளை நோக்கித் தைரியமாக வந்து இறங்குகின்றன. வளைகளை மிதித்துவிடாமல் பாதையிலேயே நடங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை நடுக்கடலுக்குப் போய்விடும். அதனால் மே, ஜூன் மாதங்களில் போவது நல்லது.