டெல்லி கணேஷ்: சில நவம்பர் குறிப்புகள்

10 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் போனைத் திறந்தால் எங்கள் தில்லி கரோல் பாக் வாட்ஸ்அப் குழு முழுக்க ஒரே முகம். நடிகர் டெல்லி கணேஷ் நேற்று இரவு சென்னையில் காலமாகிவிட்டார். எண்பது வயது. குழுவில் பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் சொந்தக்காரர் போன மாதிரி எல்லோருக்கும் வருத்தம். பெயரில் எங்கள் ஊர் இருப்பதால் வந்த உரிமை.

பிறந்தது என்னவோ திருநெல்வேலிச் சீமை, வல்லநாடு. 1964-ல் விமானப்படையில் சேர்ந்து பத்து வருஷம் இருந்தார். தில்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்தது கே. பாலசந்தர். சிவாஜி, ஜெமினி என்று இரண்டு கணேசன்கள் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்த சினிமாவில் மூன்றாவதாக வந்தவருக்கு எங்கள் ஊர் கிடைத்தது.

செய்தி சேனல்கள் எல்லாம் அதே இரண்டு மூன்று காமெடித் துணுக்குகளையே சுற்றிச் சுற்றிப் போடுகின்றன. நானூறு படங்களுக்கு மேல் நடித்த மனிதர் ஐயா!

11 நவம்பர், திங்கள்

இறுதி அஞ்சலிக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செய்ததை டிவியில் காட்டினார்கள். படையை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. பார்க்க நன்றாக இருந்தது.

14 நவம்பர், வியாழன்

இன்று குழுவில் பேச்சு பழைய நாடகங்கள் பக்கம் திரும்பிவிட்டது. தில்லித் தமிழ் நாடகம் என்றால் பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர்கள் நடத்தியது. பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை. காசு வராது, கைக்காசு போகும். பூர்ணம் விஸ்வநாதனும் இங்கே வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்துக்கொண்டு நாடகம் போட்டவர்தான். இந்த ஊரிலிருந்து போன இரண்டு பேருமே சினிமாவில் யாரோ ஆபீஸிலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரித்தான் இருப்பார்கள்.

நானும் கொஞ்ச காலம் ஒரு குழுவில் திரை இழுத்தவன். சபா மேடையில் மைக் மேலேயிருந்து தொங்கும். வசனம் பேசுகிறவர் அதன் கீழே வந்து நின்றுகொள்ள வேண்டும். பேச்சு இல்லாதவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார். அந்த ஓரத்தில் என்ன செய்வது என்பதுதான் நிறையப் பேருக்குத் தெரியாது. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். டெல்லி கணேஷை நான் ரசிப்பது இந்த இடத்தில்தான். வசனம் இல்லாத நேரத்திலும் அவருக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும்.

சென்னைக்குப் போனதும் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் மேடை. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977-ல் படமாக்கியபோது சினிமாவுக்குள் வந்தார்.

16 நவம்பர், சனி

'பசி' பார்த்தேன். துரை இயக்கியது, 1979. தேசிய விருது வாங்கிய ஷோபாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், நியாயம்தான். ஆனால் அப்பா முனியாண்டியை இந்தத் தடவை விடாமல் கவனித்தேன். ரிக்‌ஷா இழுக்கிறவர், குடிசை, வீடு நிறையப் பிள்ளைகள். நெல்லையில் பிறந்து தில்லியிலிருந்து வந்தவர், சினிமாவுக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே சென்னைக் குடிசைப் பகுதி ஆளாக நிற்கிறார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்த வேஷம் இது.

'ஐயர் வேஷத்துக்கு ஆள்' என்று அவரைச் சொல்கிறவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அப்புறம், இந்த வழியில் அவருக்கு இன்னும் பத்துப் படம் யாராவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பஞ்சகச்சத்தைக் கொடுத்தார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

சரி, அந்த ஐயர்களாவது ஒரே ஆளா என்றால், அதுவும் இல்லை. இன்று இரண்டு பேரை அடுத்தடுத்துப் பார்த்தேன்.

'சிந்து பைரவி' (1985) குருமூர்த்தி மிருதங்கக்காரர், குடிப்பவர். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகக் கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை ஒதுக்குகிறார். தப்புச் செய்தவன், அதுவும் திறமைசாலி, பெரியவர் முன்னால் நிற்கும்போது கோபத்தையும் வெட்கத்தையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்கிறார். பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது, படத்தில் அவருக்கு நேர் எதிரே இருக்கிற நியாயம் இந்த குருமூர்த்திதான்.

'நாயகன்' (1987) ஐயர் வேறு ரக மனிதர். வேலு நாயக்கருக்கு இந்தி வராது. பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது இவர். கடத்தல் உலகத்தில் ஒரு குமாஸ்தா என்று சொல்லலாம். ரத்தமும் துப்பாக்கியும் சுற்றி நடக்க, இவர் நாயக்கர் முகத்தைப் பார்ப்பார், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். தில்லியில் வீட்டுக்காரரிடம் மாமாவுக்காக இந்தி பேசப் போன எங்கள் தலைமுறைப் பையன்கள் எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரியும். ஒரு வார்த்தை மாறிப் போனால் சண்டை நம் தலையில்.

20 நவம்பர், புதன்

'கஸ்தூரி', 'செல்லமே' என்று சீரியல்களிலும் நிறைய வந்தார். வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. எனக்குச் சீரியல் பொறுமை கிடையாது. ஆனால் சமையலறையிலிருந்து காதால் மட்டும் கேட்டுக்கொண்டே தொடரைப் பின்தொடர்கிறவர்களுக்கு அவர் குரல் பெரிய உதவி என்று வீட்டம்மா சொன்னாள். ஒரு சொல்லும் விழுங்கமாட்டார். அது சபாவில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிய பழக்கம்.

24 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். 'மைக்கேல் மதன காமராஜன்'. சமையல்காரர் பாலக்காடு மணி ஐயராக வருகிறவர் அந்தப் பாலக்காட்டுத் தமிழைக் கடைசி வரை விடவில்லை. கமலின் காமேஸ்வரனும் அதே தமிழ் பேசுகிறார். வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது காதிலேயே தெரிந்துவிடுகிறது. கல்யாணச் சாப்பாட்டுச் சாம்பாரில் மீன் விழுந்த காட்சிக்கு எங்கள் வீட்டில் இன்னும் வயிறு வலிக்கச் சிரிப்பு. எழுதிய கிரேஸி மோகனும் மேடை ஆள். ஒருத்தர் முடிக்கிற இடத்திலிருந்து இன்னொருத்தர் எடுக்கிற அந்த வேகம் பல ஒத்திகை பார்த்தவர்களுக்குத்தான் வரும். மணி ஐயர் ஒரு இடத்தில்கூட 'இது காமெடி' என்று நமக்குச் சொல்வதில்லை. சமையல்காரருக்குப் பேர் போய்விடுமே என்கிற நிஜப் பதற்றம் அது. அதனால்தான் சிரிப்பு வருகிறது.

படம் முடிந்ததும் சின்னவன் "இவரு வில்லனா நடிச்சிருக்காராப்பா?" என்று கேட்டான். 'அபூர்வ சகோதரர்கள்' இருக்கிறதே! நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், இவர் என்று நாலு வில்லன்கள். பிரான்சிஸ் அன்பரசு என்று பெயர். அந்தப் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே ஒரே வருஷம்தான் என்றேன். நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அதைப் போடச் சொல்லியிருக்கிறான்.