ஆட்டுப் பல்லை நம்பி மானிடம் கோட்டை விட்டேன்

காட்டுயிர் உயிரியல் முதுகலையில் எனக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்தபோது மேசையில் ஒரு கீழ்த்தாடை இருந்தது. அமெரிக்க வெள்ளைவால் மானுடையது, பிளாஸ்டிக் வார்ப்புதான். வயது என்ன, எப்படிச் சொல்கிறாய், இரண்டே கேள்வி. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தேவகோட்டைப் பக்கம் ஆட்டு வியாபாரம் பார்க்கும் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை சந்தையாகச் சுற்றியவன் நான்.

சந்தையில் சித்தப்பா கொம்பைப் பார்க்கமாட்டார், உடம்பையும் பார்க்கமாட்டார். இடது கையால் ஆட்டின் தாடையைப் பிடித்து, கட்டை விரலால் கீழுதட்டை மடக்குவார். "ரெண்டு பல்லு." அவ்வளவுதான், அடுத்த ஆடு. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது; கீழே எட்டு. பால் பல் சிறிதாக, அரிசி மாதிரி இருக்கும். நடு இரண்டும் விழுந்து அகலப் பல் முளைத்தால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு, ஆறு என்றால் மூன்று, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு.

தேர்வு மேசைத் தாடையிலும் முன்னால் எட்டும் அகலப் பற்கள். "நாலு வயதுக்கு மேல்" என்றேன், யோசிக்கக்கூட இல்லை. சரியான விடை ஒன்றரை.

வெள்ளைவால் மானுக்கு முன்பற்கள் எல்லாம் ஒரு வயதை ஒட்டியே மாறிவிடும். அதற்குப் பிறகு முன்வாய் எதையும் சொல்லாது. கடைவாய்க்குத்தான் போக வேண்டும். மான் வேட்டை சட்டப்படி நடக்கும் அந்த நாட்டில், வேட்டைக்காரர்களும் அவர்கள் கொண்டுவரும் மான்களைச் சோதிக்கும் உயிரியலாளர்களும் பார்ப்பது அந்த இடத்தைத்தான். நியூயார்க் மாநிலத்தில் வேலை பார்த்த உயிரியலாளர் செவரிங்ஹாஸ் 1949-இல் எழுதிய கட்டுரைதான் இந்த முறைக்கு அடித்தளம். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்குத் தடை, வேட்டைத் தாடை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் வார்ப்பை வைத்துப் படிக்கிறோம்.

வார்ப்பு கல்லூரியில் பூட்டிக் கிடக்கும், வீட்டில் எதை வைத்துப் பழகுவது? இங்கேயும் ஆடுதான் கைகொடுத்தது. காரைக்குடியில் தெரிந்த கறிக்கடையில் சொல்லிவைத்து, குட்டியுடையது ஒன்று, கிழட்டு ஆட்டுடையது ஒன்று என இரண்டு கீழ்த்தாடை வாங்கினேன். குக்கரில் போட்டு ஆறு விசில். அம்மா அந்தக் குக்கரை அப்புறம் சமையலுக்கு எடுக்கவேயில்லை. நீங்கள் பழைய பானையில் வேகவையுங்கள்.

வெந்த தாடையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் காயவைத்தால், ஒரு பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப் பற்கள் வரிசையாகத் தெரியும். மானுக்கும் இதே ஆறுதான். முன்னிருந்து மூன்றாவது பல்லில் கைவையுங்கள். பால் பல்லாக இருந்தால் மூன்று மேடு, நடுவில் இரண்டு பள்ளம். நகத்தை ஓட்டினால் இரண்டு முறை இடறும். அது விழுந்து நிலைப்பல் வந்துவிட்டால் இரண்டே மேடு. குட்டித் தாடையிலும் கிழட்டுத் தாடையிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் விரலுக்கு மனப்பாடமாகிவிடும். எந்த வயதில் மாறும் என்ற கணக்கை மட்டும் ஆட்டிடம் கேட்காதீர்கள்.

மானில் இந்த மாற்றம் ஒன்றரை வயதைத் தாண்டும் நேரத்தில் நடக்கும். ஆறு பல்லும் முளைக்காமல் நாலோ ஐந்தோ இருந்தால் அந்த ஆண்டுக் குட்டி. ஆறும் இருந்து மூன்றாவது மும்மேடாக, தேய்ந்து கிடந்தால் ஒன்றரை. சில தாடைகளில் அந்தப் பல் அப்போதுதான் மாறியிருக்கும். பக்கத்துப் பற்களில் கறை ஏறியிருக்க, இது மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதுவும் ஒன்றரைதான். இதில் பலர் இரண்டரை என்று சொல்லிவிடுகிறார்கள்.

அதற்கு மேல் தேய்மானம். பல்லின் வெள்ளை விளிம்பு எனாமல், உள்ளே பழுப்புக் கோடு டென்டைன். நாக்குப் பக்கத்து முகட்டில் எது அகலம் என்று பாருங்கள். நாலாவது பல்லில் பழுப்பு குறுகலாக இருந்தால் இரண்டரை, வெள்ளையைவிட அகன்றிருந்தால் மூன்றரை. ஐந்தாவதிலும் அகன்றால் நாலரை, ஆறாவதிலும் என்றால் ஐந்தரை. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் மணல் கலந்த தீனி தின்னும் மானுக்குப் பல் சீக்கிரம் தேயும். குட்டி, ஒன்றரை, அதற்கு மேல் என்ற மூன்று பிரிவைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று இறுதித் தேர்வில் நானாகவே சொன்னேன். தேர்வாளர் முகம் மலர்ந்தது அங்கேதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் முன்பல்லைப் பிடுங்கி, வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி, மர வளையம் போல ஆண்டு வளையம் எண்ணுவார்கள். குளிர் கடுமையான இடங்களில் வளையம் தெளிவாக விழும்.

எல்லாமே ஏன் 'அரை'யில் முடிகிறது என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். அங்கே குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூனில் பிறக்கின்றன. வேட்டைக் காலம் இலையுதிர் காலத்தில். அதனால் தாடை கைக்கு வரும்போது முழு ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய அரை ஆண்டு கூடியிருக்கும். நம் புள்ளிமான் ஆண்டு முழுக்கக் குட்டி போடும், அதற்கு இந்த அரைக் கணக்கு ஒத்துவராது.

கொம்பைப் பற்றியும் கேட்பார்கள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முகப்பில் புள்ளிமான் தலை மாட்டியிருந்தது. சிறு வயதில் கிளைக்கு ஒரு வயது என்று எண்ணி, மூன்று வயது என்று முடிவு கட்டியிருந்தேன். வளர்ந்த புள்ளிமான் கொம்பில் பொதுவாக மூன்று கிளைதான்; ஐந்து வயதானாலும் எட்டு வயதானாலும் அதே மூன்று. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கிற பொருள் தீனியைக் காட்டும், வயதை எப்படிக் காட்டும்?

இறுதித் தேர்வு முடிந்து ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் அந்த மும்மேட்டுப் பல்லைக் காட்டினேன். நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா ஆட்டு வாயப் பாக்குறேன், இதப் பாக்கலையேடா" என்றார். அடுத்த சந்தையில் உயிருள்ள கிடாயின் கடைவாய்க்குள் விரலை விட்டிருக்கிறார். மூன்று நாள் கட்டுப் போட்டிருந்தார்.