வரைபடத்தில் நிறம் மாறுவதற்கு முன்னால்

ஒரு நிலத்தின் பயன்பாட்டு வகை (குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை என்று நகரத் திட்ட வரைபடத்தில் தனித்தனி நிறத்தில் குறிப்பது) மாறிவிட்டது என்ற செய்தி நம் காதுக்கு எட்டும்போது அதன் விலை பெரும்பாலும் ஏறி முடிந்திருக்கும். புரோக்கர் போன் செய்து "சார், இனிமே இங்க அடுக்குமாடி கட்டலாம்" என்கிறார் என்றால், அவருக்கு முன்னாலேயே பல பேர் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அதனால் மாற்றம் வரப்போகிறது என்று சொல்லும் காகிதங்களைத்தான் நான் தேடிப் படிக்கிறேன். அவை ரகசியம் கிடையாது, பல நகரங்களில் பொதுவில்தான் கிடக்கின்றன, உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் குறைவு.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தைப் பாருங்கள். நகரம் முழுவதற்குமான ஒரே திட்டத்தை அங்கே 2013 செப்டம்பரில் பொது அறிவிப்பாக வெளியிட்டார்கள், அதன் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பரில். குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்டலாம் என்று ஆனது. இடைப்பட்ட மூன்று வருஷமும் எந்தத் தெரு எந்த வகைக்குள் வருகிறது, யார் எதிர்க்கிறார்கள், விசாரணைக் குழு என்ன பரிந்துரைக்கிறது என்பதெல்லாம் எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருந்தன.

சரி, எதைப் படிப்பது? முதலில் அந்த ஊரின் நீண்டகால மாஸ்டர் பிளான், அதாவது ஊர் எந்தப் பக்கம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் திட்டம். அப்புறம் திட்டக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் வரும் நிகழ்ச்சி நிரலும், அதோடு இணைத்த, வகையை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தைப் பற்றிய அதிகாரிகளின் அறிக்கையும். அறிக்கையின் முன்பக்கத்தில் வரைபடமும் அழகான படங்களும் இருக்கும், அவற்றைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிக்குப் போய்விடுவேன். அங்கே குடிநீர், கழிவுநீர்த் துறையின் கடிதம் ஒன்று இருக்கும், பல நேரம் அரைப் பக்கம்தான். "இப்போதுள்ள குழாயின் கொள்ளளவு போதாது, விண்ணப்பதாரர் தன் செலவில் மாற்றித் தர வேண்டும்" என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால் மொத்த லாபக் கணக்கும் ஆட்டம் கண்டுவிடும். இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம்: யாருமே விண்ணப்பிக்காத ஒரு பகுதிக்கு நகர நிர்வாகம் தானாகவே பெரிய கழிவுநீர்க் குழாய் போட பட்ஜெட்டில் பணம் ஒதுக்குகிறது என்றால் அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும், ஏனென்றால் அவ்வளவு செலவழித்துப் போட்ட குழாய் சும்மா கிடக்க எந்த நிர்வாகமும் விரும்பாது.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் விடாமல் படியுங்கள். "மாஸ்டர் பிளானுக்கே முரணானது" என்று நிராகரித்திருந்தால் அந்த இடத்தில் இப்போதைக்கு ஒன்றும் நடக்காது. "சாலை அகலம் போதாது" என்று நிராகரித்திருந்தால், சாலை விரிவாக்கத்துக்கு டெண்டர் விடும் நாளில் அதே விண்ணப்பம் மறுபடி உயிர் பெறும்.

வகையின் பெயரை மட்டும் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். பத்தாயிரம் சதுர அடி மனையில் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-லிருந்து 2.5 ஆனால் கட்டக்கூடிய பரப்பு காகிதத்தில் 15,000-லிருந்து 25,000 ஆகிறது. ஆனால் உயர வரம்பு, செட்பேக் (மனையின் ஓரங்களில் கட்டாமல் விட வேண்டிய இடம்), வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த வேண்டும் என்ற விதி எல்லாம் பழையபடியே இருந்தால் அந்தக் கூடுதல் பத்தாயிரத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? இதற்கு நேர் எதிர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். நிலத்தைப் பயன்பாட்டு வகையாகப் பிரிக்கும் சட்டமே அங்கே இல்லை, ஆனாலும் 1998-இல் நகரின் உள்வட்டத்தில் மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்க அனுமதித்த ஒரே விதியால் தனி வீடு இருந்த மனைகளில் வரிசை வீடுகள் எழுந்தன.

மாற்றம் எப்போதும் மேல்நோக்கியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்த, யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் நிறுவனம், தொழிற்சாலைக்கு ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம் குடியிருப்பு என்று குறித்ததால் 2,500 டாலராகிவிட்டது என்று வாதிட்டது. நீதிமன்றம் ஊர் நிர்வாகத்தின் பக்கமே நின்றது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் நடந்தது வேறு விதம், அங்கே சிக்கல் தாமதம். ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் மூன்று வீடு வரை கட்டலாம் என்ற திட்டத்தை 2018 டிசம்பரில் நகரசபை ஏற்றது, அதன் மேல் போட்ட சுற்றுச்சூழல் வழக்கில் 2022-இல் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தி வைத்தது, 2024-இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. நடுவில் கடன் வாங்கி நிலத்தைப் பிடித்தவர் வட்டி கட்டியபடியே காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே மாறும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து முழுப் பணத்தையும் போடாதீர்கள். ஒப்புதல் வந்தால் மட்டுமே கிரயம், வராவிட்டால் அட்வான்ஸில் இவ்வளவு திரும்ப வரும் என்று அக்ரிமெண்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். விற்பவர் இதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்பார், கொடுக்கலாம், தப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பகுதியின் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் எங்கே போவார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பள்ளிக்கூட வாசலில் லாரி வந்தால் என்ன ஆகும் என்று அங்கே வாழ்கிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு உங்கள் கட்டட வரைபடத்தில் பதில் இல்லையென்றால் வரைபடத்தைத் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.