காரைக்காலுக்கு எந்தத் தேதி சுதந்திர நாள்?

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே பஸ் ஏறினால் வாஞ்சூர் தாண்டியதும் காரைக்கால் எல்லை. திருமலைராயன்பட்டினம், அரசலாற்றுப் பாலம், ஊர், கோட்டுச்சேரி என்று போய்ப் பூவத்தைக் கடந்தால் தரங்கம்பாடி. நாகையை 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டுப் போனார்கள். அதனால் இரண்டு ஊருக்கும் 1947 ஆகஸ்ட் 15-ல் விடுதலை வந்தது. நடுவில் இருக்கும் காரைக்கால் மட்டும் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். அதன் விடுதலை தவணை தவணையாக வந்தது. எந்தத் தவணையில் எது கைமாறியது என்று தெரியாமல் பேசுவதால்தான் குடியுரிமை, சட்டசபை அதிகாரம் என்று எல்லாவற்றிலும் இன்றும் குழப்பம்.

முதல் தவணை வாக்கெடுப்பு. 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரியை அடுத்த கீழூரில் நடந்தது. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்ல. பிரெஞ்சு ஊர்களின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். இந்தியாவுடன் சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். மூன்றே நாளில் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். மண் இன்னும் பிரான்ஸுடையது. ஒரு நிலப்பரப்பை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அங்குள்ள மக்களின் சம்மதம் வேண்டும் என்றது அவர்களுடைய 1946 அரசியலமைப்பு. அதோடு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதலும் வேண்டும். மண்ணையே ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. ஒப்புதலோ அல்ஜீரியப் போர் முடியும்வரை இழுத்து, 1962 ஜூலையில்தான் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாற்றம்.

இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளைப் பலரும் தாவிப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியா இந்த ஊர்களை ஆண்டது 1947-ன் வெளிநாட்டு ஆட்சியெல்லைச் சட்டத்தின் கீழ். சட்டத்தின் பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. பஸ் பர்மிட் சம்பந்தமான வழக்கொன்று உச்ச நீதிமன்றம் போனபோது, புதுச்சேரி இந்தியாவின் பகுதிதானா என்று நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. 1961 டிசம்பரில் நீதிமன்றமும் அதையே ஏற்றது. அதாவது கொடி ஏறி ஏழு ஆண்டு கழித்தும், இங்கிருந்த ஒரு அதிகாரியின் உத்தரவை ரத்து செய்ய இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தால் முடியவில்லை. அரசியலமைப்பின் காவல் இல்லாத விடுதலை அது.

குடியுரிமைக்குக் கணக்கு ஆகஸ்ட் 16-லிருந்துதான். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் பிறந்து, அன்று அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமகன் தானாகவே இந்தியன் ஆனான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவோடு கெடு முடிந்தது. இங்கே பிறந்து சைகோன் போன்ற வெளிநாட்டு ஊரில் குடியிருந்தவருக்கு இது தலைகீழ்: பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார், இந்தியக் குடியுரிமைக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். விதிகளெல்லாம் பிறந்த இடத்தைப் பிடித்தே எழுதப்பட்டவை. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். காரைக்கால் மருமகளுக்குத் தாய்வீடு கும்பகோணமோ நாகூரோ ஆனால், குழந்தை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில். அப்படிப் பிறந்தவர்கள் அந்த விதிகளுக்குள் நேராக அடங்கவில்லை. அதனால் பழைய காகிதம் பார்க்கிறவர்கள் முதலில் பிறப்புப் பதிவில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். பிறகு 1962 ஆகஸ்டில் குடியிருந்த இடம். கடைசியாக விருப்ப மனு உண்டா என்பது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று இருக்க இவற்றில் ஒன்றே போதும்.

ஆட்சியமைப்பு கடைசித் தவணை. அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரியை 1962 ஆகஸ்ட் 16 முதலே யூனியன் பிரதேசமாகக் கணக்கில் சேர்த்தது. சட்டசபைக்கு வழிவிடும் 239ஏ பிரிவும் அதில் வந்ததுதான். 1963-ன் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டப்படி, இருந்த பிரதிநிதி சபையே 1963 ஜூலை 1-ல் சட்டசபையானது. பக்கத்திலிருக்கும் தஞ்சையோடு காரைக்கால் ஏன் சேரவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை 1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் சரத்தில் இருக்கிறது: தனி நிர்வாக அந்தஸ்து தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும். வங்கத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் தனி ஒப்பந்தத்தில் வந்து, 1954-லேயே மேற்கு வங்கத்தோடு போய்விட்டது.

ஆனால் கிடைத்த சட்டசபை முழுச் சட்டசபை அல்ல. மாநிலப் பட்டியலில் இங்கே சட்டம் இயற்றலாம். அதே பொருளில் நாடாளுமன்றமும் இயற்றலாம், மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். பட்ஜெட்டை வைக்கவே குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். அது தாமதமானால் சில மாதச் செலவுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கி ஓட்ட வேண்டியதுதான். துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் டெல்லிக்குப் போகும். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். இங்குள்ள அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 30-ல் காரைக்காலுக்கு ஐந்து. சபையில் ஐந்தும் மூன்றும் எவ்வளவு நெருங்கிய எண்கள் என்று பாருங்கள்.

இதைவிட எனக்கு வலிப்பது கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிகளின் நிலை. பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே இங்கே தேர்தலோடு நகரசபைகளை அமைத்தார்கள். கீழூரில் வாக்களித்தவர்களில் அந்தச் சபைகளின் உறுப்பினர்களும் இருந்தார்கள். இணைப்புக்கே அவர்கள் கைகள்தான் உயர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1968-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து, 2006-ல்.