கப்பல் டாக்டரால் எதுவரை முடியும்?

100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு, வழக்கமாக 3 நாளைத் தாண்டிய சர்வதேசப் பயணம் போகிற கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. பெயரிலேயே தெரிகிறதே, அது கப்பல் ஊழியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பெரிய க்ரூஸ் (சொகுசுக் கப்பல்) நிறுவனங்கள் இதற்கு மேலும் போய், அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் வகுத்த வழிகாட்டுதல்களைப் பின்பற்றுகின்றன. 24 மணி நேரமும் கூப்பிட்டால் வரும் மருத்துவக் குழு, ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, டிஃபிப்ரிலேட்டர் (மின் அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), தீவிர சிகிச்சைக்கு ஒரு படுக்கை எல்லாம் அதில் அடக்கம்.

மருத்துவ மையம் பெரும்பாலும் கீழ் டெக் ஒன்றில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும். அங்கேதான் ஆட்டம் குறைவு. ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுபோகும் பக்கவாட்டுக் கதவும் பக்கத்திலேயே இருக்கும். சாதாரணமாகக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் திறந்திருப்பார்கள். மற்ற நேரத்தில் போன் செய்தால் முதலில் நர்ஸ் பேசுவார். அப்படிப் பார்ப்பதற்குக் கட்டணமும் கூடும். அவசர எண் கேபின் போனிலேயே ஒட்டியிருக்கும். ஏறிய அன்றே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தாலும் அது ஆஸ்பத்திரி இல்லை, நல்ல எமர்ஜென்சி வார்டு. உயிரைப் பிடித்து நிறுத்தி, கரை வரை கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். நெஞ்சு வலி என்று போனால் ஈ.சி.ஜி. எடுக்கலாம், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் புரதத்தைப் பார்க்கலாம், மாரடைப்பு உறுதியானால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கப்பலிலேயே போடலாம். ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கரைக்குத்தான் போகவேண்டும். ஆனால் வாய் கோணி, கை விழுந்துவிட்டது என்றால் கதை வேறு. காரணம் ரத்தக்கட்டியா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுக்காமல் சொல்ல முடியாது. பொதுவாகக் கப்பலில் சி.டி. கிடையாது. கசிவு இருப்பவருக்குக் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருந்து அலமாரியில் இருந்தும் டாக்டர் கை கட்டி நிற்கவேண்டிய நிலை. பெரிய அறுவை சிகிச்சைக்கும் வசதி இல்லை, ரத்த வங்கியும் இல்லை. உள்ளே ரத்தம் கசியும் நோயாளிக்காக, பொருந்தும் குரூப் உள்ள பயணிகளை ஒலிபெருக்கியில் அழைத்துக் கொடை கேட்பதும் உண்டு. பல் டாக்டரும் அநேகமாக இருக்கமாட்டார். பல்வலிக்கு வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்தான்.

ஆகவே இதய நோயோ பக்கவாத வரலாறோ உள்ளவர்கள் பயணத் திட்டத்தைப் பார்க்கும்போது எத்தனை ஊர் என்பதைவிட, தொடர்ந்து எத்தனை நாள் நடுக்கடலில் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதன் எரிபொருளுக்கு ஓர் எல்லை உண்டு. நடுப் பெருங்கடலுக்கு அது எட்டாது. எட்டினாலும் காற்று, அலை, இருட்டு எல்லாம் ஒத்துவர வேண்டும். பெரும்பாலும் இறங்காமல் மேலே நின்றபடி கயிற்றில்தான் தூக்குவார்கள். நிலை மோசமாக உள்ள நோயாளிக்கு அதுவே ஆபத்து. கப்பல் வேகத்தைக் கூட்டுவதோ, பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்புவதோதான் பல நேரம் நடக்கும். டாக்டரிடமும் கடலோரக் காவல் படையிடமும் கேட்டுவிட்டு கேப்டன் முடிவெடுப்பார்.

இறக்குவது என்று முடிவானபின் எல்லாம் வேகமாக நடக்கும். ஹெலிகாப்டரில் துணைக்கு ஆள் ஏற இடம் பெரும்பாலும் இருக்காது, பெட்டிக்கும் இடமில்லை. நோயாளியோடு ஒரு சின்னப் பை போனால் அதிகம். அதில் பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு, அன்றாட மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, போன், சார்ஜர், கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ் எண் இருக்கட்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்திருப்பார்கள்; மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இறங்கும் நாட்டுக்கு விசா இல்லையென்றால் குடியேற்ற அனுமதி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி ஏற்பாடுகளைக் கப்பல் நிறுவனத்தின் துறைமுக ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். அவருடைய பெயரையும் எண்ணையும் எழுதி வாங்காமல் கப்பலை விட்டு இறங்காதீர்கள். கப்பல் காத்திருக்காது, போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபின் ஊர் திரும்பும் செலவு உங்கள் பொறுப்பு.

பணத்துக்கு வருவோம். கன்சல்டேஷன், ஊசி, ட்ரிப்ஸ் எல்லாம் கேபின் கணக்கில் ஏறும். இறங்கும்போது உங்கள் கார்டிலிருந்து போகும். பெரும்பாலும் கப்பல் நேரடியாக இன்சூரன்ஸிடம் வசூலிக்காது. நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு க்ளெய்ம் செய்யவேண்டும். அதற்குத் தனித்தனியாகப் பிரித்த பில், நோய் என்னவென்று எழுதிய டாக்டர் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் மூன்றையும் இறங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். தொற்று நோய் என்று கேபினில் அடைத்து வைத்திருந்தால் அதற்கும் தேதி போட்டுக் கடிதம் கேளுங்கள். பாலிசி எடுக்கும்போது மருத்துவச் செலவுக்கான வரம்பும், நோயாளியை அவசரமாக இடம் மாற்றுவதற்கான வரம்பும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதில்தான் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள நீரிழிவு, ரத்த அழுத்தத்தை மறைத்து எடுத்த பாலிசி அந்த நோய்க்கே உதவாமல் போகும்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வர இரவாகிவிடலாம். கூடுதலாகச் சில நாளுக்கு இருக்கட்டும். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருந்தால் எந்த நாட்டு டாக்டருக்கும் புரியும். இன்சுலின் வைப்பவர்கள் கேபின் மினிபாரை நம்பாதீர்கள். பலவற்றில் அது குளிர்ச்சியாக வைக்கும் பெட்டிதான்; பிரிக்காத இன்சுலினுக்குத் தேவையான 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் நிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவ ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் சிபாப் கருவிக்கான எக்ஸ்டென்ஷன் வயரையும் டிஸ்டில்ட் வாட்டரையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, பயணம் முடிவதற்குள் 24-ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

வாந்தியும் பேதியும் வந்தால் மறைக்காதீர்கள். கேபினில் பூட்டிவிடுவார்களே என்று பயந்து, பேதி நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஃபேக்குப் போகிறவர்களாலும் கப்பல் முழுக்க நோரோ வைரஸ் பரவுகிறது. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் அது வெளிப்படும். ஆல்கஹால் சானிடைசர் அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு மாத்திரை போடுவதென்றால் ஆட்டம் தொடங்கும் முன் போடவேண்டும், தொடங்கியபின் பலன் குறைவு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை 4 மணி நேரம் முன்பே ஒட்டினால் 3 நாள் தாங்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஒட்டியதும் கையைக் கழுவுங்கள். அந்த விரலால் கண்ணைத் தேய்த்தால் ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்து நிற்கும். அதைப் பார்க்கும் டாக்டருக்கு மூளையில் ரத்தக்கசிவோ என்று சந்தேகம் வரலாம், தீர்த்துக்கொள்ள சி.டி. வேறு இல்லை. பட்டை போட்டிருப்பதை அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.