ஆச்சி
நேற்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது டிவியில் தில்லானா மோகனாம்பாள் ஓடிக்கொண்டிருந்தது, ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்ததும் எழுந்திருக்கவே மனசு வரவில்லை, கை காய்ந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த நாயனத்தில்தான் இப்படிச் சத்தம் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்கிறபோது எதிரே இருப்பது சிவாஜி என்பதே நமக்கு மறந்துபோகிறது. கண்ணை அகலவிரித்து, கழுத்தை லேசாகச் சாய்த்து, அந்த இழுப்பு! 1968-ல் வந்த படம் அது.

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடை ஏறி மனோரமா ஆனார். அந்தச் செட்டிநாட்டு மண்தான் அவரை ஆச்சி ஆக்கியது. 1958-ல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கை முதல் தமிழ்ப் படம். அப்புறம் ஆயிரம் படங்களுக்கு மேல், கின்னஸ், பத்மஸ்ரீ. சரி, அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மேடையில் வசனத்தை மூச்சு விடாமல் பேசிப் பழகிய நாக்கு அது. மெட்ராஸ் பாஷையில் 'வா வாத்தியாரே' பாடினால் பேட்டைக்காரி, சின்னக் கவுண்டரில் பல்லைத் துருத்திக்கொண்டு வந்தால் கொங்குநாட்டுக் கிழவி. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லை. புதிய பாதை படத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், ரமாமணிக்கே கொடுத்திருக்க வேண்டும்.

2015 அக்டோபரில் ஆச்சி போன அன்று எங்கள் வீட்டில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.