கிழக்கே நுழைந்தால் கிழக்கே திரும்பக்கூடாது: திருவிடைமருதூர், ஸ்ரீவாஞ்சியம், திருவாரூர் ஒருநாள் தரிசனம்

"சாமிதான் மன்னிச்சிடுவாரே" என்ற தெம்பில்தான் ஆட்கள் துணிந்து பாவம் செய்கிறார்கள், தண்டனை ஒன்றுக்குத்தான் மனிதன் அடங்குவான் என்று ஒரு கட்சி. பயம் கொஞ்ச நாள்தான் நிற்கும், மனசு திருந்தினால்தான் கை நிற்கும் என்று இன்னொரு கட்சி. இந்த வழக்கைப் புராணம் எப்படி நடத்தியிருக்கிறது என்பதைக் காவிரிக் கரையின் மூன்று தலங்களில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வரிசை முக்கியம். காலையில் திருவிடைமருதூர், முற்பகலில் ஸ்ரீவாஞ்சியம், மாலையில் திருவாரூர்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பேருந்தில் ஏறினால் சுமார் 9 கி.மீ.யில் திருவிடைமருதூர். ரயில் நிலையமும் உண்டு. பகல் 12 மணியளவில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க மாலை 4 ஆகும். அதனால் காலை 7 மணிக்குள் மகாலிங்க சுவாமி கோயில் கிழக்கு வாசலில் இருப்பது நல்லது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள பெரிய கோயில் இது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

செருப்பைக் கிழக்கு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு. கிழக்கே நுழைந்தவர் கிழக்கே வெளியேறக்கூடாது என்பது இத்தலத்து விதி. தரிசனம் முடித்து அம்பாள் சன்னிதிப் பக்கமாக வெளியே வர வேண்டும். செருப்பு ஞாபகம் வந்ததும் பாதிப் பேர் விதியை மறந்து வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். காரில் வருபவர்கள் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, வண்டியை அம்பாள் சன்னிதிப் பக்கம் வந்து நிற்கச் சொல்லிவிடலாம். பேருந்தில் வருபவர்கள் வெளிவீதி சுற்றி நடக்கத் தயாராக வர வேண்டும்.

அந்த விதிக்குக் காரணம் கிழக்கு வாயில் மாடத்திலேயே கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பிரமகத்தி, அந்தணரைக் கொன்ற பாவத்தின் உருவம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். வரகுண பாண்டியன் வேட்டை முடிந்து இருட்டில் திரும்பும்போது, வழியில் தூங்கிக்கொண்டிருந்த அந்தணர் ஒருவர் அவன் குதிரையின் குளம்படியில் இறந்துபோனார். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் பிரமகத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. தானம் தருமம் எல்லாம் செய்து பார்த்தான், மதுரையில் சொக்கநாதரை நாள் தவறாமல் வலம் வந்தான், விடவில்லை. சோழனோடு போர் வரும், அவனைத் துரத்திக்கொண்டு போகையில் திருவிடைமருதூர் வாய்க்கும் என்று இறைவன் சொன்னபடியே வந்து கிழக்கு வாசலில் நுழைந்தான். பிரமகத்தி வாசலிலேயே நின்றுவிட்டது. வேறு வாசல் வழியே போ என்று ஆணை வந்தது, மேற்கு வழியே வெளியேறினான். திருவிளையாடல் புராணத்தில் இது 40ஆவது படலம்.

மன்னிப்பு கிடைத்தது. ஆனால் பாவம் எரிந்து சாம்பலாகவில்லை. இன்னும் வாசலில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கிறது. மன்னிக்கப்பட்டவன் பழைய வழிக்குத் திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மன்னிப்பு ஆளைக் கெடுத்துவிடும் என்பவர்கள் இந்த மாடத்தின் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு சீட்டு வாங்கி அர்ச்சனை செய்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்களும்தான்.

உள்ளே மூன்று பிராகாரங்கள். வெளியே அசுவமேதப் பிராகாரம், நடுவில் கொடுமுடிப் பிராகாரம், உள்ளே பிரணவப் பிராகாரம். பிரமகத்தி முதலான தோஷங்களும் சித்தபிரமையும் நீங்க வேண்டுபவர்கள் வலம் வருவது அசுவமேதப் பிராகாரத்தை. உள்சுற்றை மட்டும் வந்துவிட்டுப் பரிகாரம் முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். வெயில் ஏறினால் வெளிச்சுற்றுக் கல்லில் கால் வைக்க முடியாது, ஆகவே முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு மகாலிங்கர், பெருநலமாமுலையம்மை, பக்கத்திலேயே மூகாம்பிகை.

கிழக்குக் கோபுரத்தில் பட்டினத்தார், மேற்குக் கோபுரத்தில் பத்திரகிரியார். இந்த இரண்டு உருவங்களையும் தவற விடாதீர்கள். பத்திரகிரி அரசன். திருடர் வீசிவிட்டுப் போன அரண்மனை நகை கழுத்தில் கிடந்ததால் பட்டினத்தாரைக் கள்வர் என்று முடிவு கட்டி, கழுவேற்ற உத்தரவிட்டவன். கழுமரம் தீப்பற்றி எரிந்தது. செய்த பிழை புரிந்ததும் அரசைத் துறந்து, தண்டிக்கப் பார்த்தவருக்கே சீடனாகி இந்த ஊர் வாசலுக்கு வந்தான். கடுந்தண்டனை வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கு இக்கதை சங்கடமானது. எல்லாக் கழுமரமும் தீப்பற்றி எரிவதில்லையே.

கும்பகோணத்துக்குத் திரும்பி, நன்னிலம் செல்லும் பேருந்தில் ஏறி அச்சுதமங்கலத்தில் இறங்கினால் ஸ்ரீவாஞ்சியம் பக்கம்தான். 12 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஆகவே திருவிடைமருதூரை 9 மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். முதலில் குப்தகங்கைத் தீர்த்தம், அடுத்து எமதர்மன் சன்னிதி, அதன் பிறகுதான் வாஞ்சிநாதரும் மங்களாம்பிகையும். அவசரத்தில் நேரே மூலவரிடம் ஓடினால் உள்ளூர்க்காரர்களே திருப்பி அனுப்புவார்கள். உயிர்களைப் பறிக்கும் வேலையால் வந்த பாவம் தீர எமனே இங்கே தவம் இருந்தான் என்பது தலபுராணம். சட்டப்படி தண்டிக்கும் அதிகாரிக்குக்கூட அந்த வேலை ஒட்டிக்கொள்கிறது. நீராடுவோர் இறக்கி வைத்த பாவச்சுமை தாங்காமல் கங்கையும் இங்கே வந்து ஒளிந்தாள், அதனால்தான் தீர்த்தத்துக்குக் குப்தகங்கை என்று பெயர் என்கிறார்கள். இறக்கிவைத்த பாவம் ஒருவர் தலையிலாவது ஏறத்தான் செய்கிறது.

எமபயம் உண்மையிலேயே ஆளைத் தடுக்குமா? அஸீம் ஷரீஃப் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர் ஒருவரும் 67 நாடுகளின் தரவுகளை வைத்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நரக நம்பிக்கையை விடச் சொர்க்க நம்பிக்கை மிஞ்சியிருந்த நாடுகளில் குற்ற விகிதம் கூடுதலாக இருந்தது. எமன் கட்சிக்கு இது பலம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்ல முடியாது. ஒன்றால் மற்றது வந்தது என்று அது நிறுவவில்லை.

திருவாரூருக்கு நன்னிலம் வழியே பேருந்து பிடித்து 5 மணிக்குள் வந்துவிடுங்கள். எல்லாரும் நேரே தியாகராஜரிடம் போவார்கள். நீங்கள் வெளிச்சம் இருக்கும்போதே கோயிலின் வடகிழக்கில், மதிலுக்கு வெளியே உள்ள கல்தேரைப் பாருங்கள். மனுநீதிச் சோழன், தேர்க்காலில் கிடக்கும் மகன், கன்றை இழந்த பசு என்று கதை முழுவதும் கல்லில் இருக்கிறது. இருட்டினால் ஒன்றும் தெரியாது.

கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளிப்பாடம் ஒரு முக்கியமான இடத்தை விட்டுவிடுகிறது. பெரியபுராணத்தில், கன்று செத்ததும் இளவரசன் ஓடி ஒளியவில்லை. அந்தணர் விதிப்படி கழுவாய் இருக்குமானால் தந்தை அறியுமுன் செய்துவிடலாம் என்றுதான் கிளம்பினான். அமைச்சர்களும் அதையே சொன்னார்கள்: பசுக்கொலைக்கு மறை சொன்ன பிராயச்சித்தம் இருக்கிறது, இளவரசன் அதைச் செய்யட்டும், அதுதான் தொன்றுதொட்ட வழக்கு. அரசன் ஒரே கேள்வியில் அதை உடைத்தான். என் மகன் கொன்றால் தவம், வேறொருவன் கொன்றால் அவனுக்குக் கொலையா? பிராயச்சித்தம் பலிக்காது என்று அவன் சொல்லவில்லை. ஆளுக்கொரு நீதி என்றால் மனுநூலுக்கே, அதாவது மனுஸ்மிருதி என்ற பழைய அறநூலுக்கே பழி என்றான். தண்டனைக்கு மதிப்பு அதன் கொடூரத்தில் இல்லை, யாரும் தப்ப முடியாது என்பதில் இருக்கிறது. இத்தாலியில் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-ல் இதையே சட்டக் கோட்பாடாக எழுதினார். பக்கத்துத் தெருவில் பணம் படைத்தவன் கொலை செய்துவிட்டு வெளியே திரிந்தால், தூக்குமேடை எவ்வளவு உயரமாக இருந்தால்தான் என்ன?

மனுநூலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 11ஆம் அத்தியாயம் அறியாமல் செய்த பாவத்துக்கே பிராயச்சித்தம் என்கிறது, அறிந்து செய்ததற்கும் உண்டு என்பது சிலர் கொள்கை என்று தள்ளி வைக்கிறது. 8ஆம் அத்தியாயமோ, அரசன் தந்த தண்டனையை அனுபவித்த குற்றவாளி நல்லவனைப் போலவே தூயவனாகி மேலுலகம் போகிறான் என்கிறது. அப்படியானால் மன்னிப்பும் தண்டனையும் எதிரெதிர்க் கட்சிகளே அல்ல. தண்டனை அனுபவித்தவனை ஊர் திரும்பவும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதற்குள் அடங்கும். நாம் அதில் ரொம்ப மோசம். சிறையிலிருந்து வந்தவனுக்கு வாடகை வீடுகூடத் தருவதில்லை. காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய ஒருவன் அதைத் தவிர்ப்பதற்காகக் கோயிலுக்கு வந்தால், அந்தப் பரிகாரத்துக்கு இந்த மூன்று தலங்களிலுமே ஆதரவு இல்லை.

கல்தேரைப் பார்த்தபின் உள்ளே வந்து 6 மணி சாயரட்சை (மாலைப் பூஜை) தரிசனம். கூட்டம் நெரிக்கும், அரை மணி முன்னரே இடம் பிடியுங்கள். தியாகேசர் இங்கே தன் தோழரையே தண்டித்திருக்கிறார். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்கு இரு கண்ணும் போனது. இடக்கண் காஞ்சியில் திரும்பியது, வலக்கண் இந்த ஊரில். ஒரே நாளில் கிடைக்கவில்லை, ஊர் ஊராய்த் தட்டுத் தடுமாறி நடந்து வர வேண்டியிருந்தது. ஆனால் "மீளா அடிமை" பதிகத்தைக் கேட்டுப் பாருங்கள், மன்னிப்புக் கேட்கும் குரலாகவே இல்லை. உமக்கே ஆளானவர்கள் இப்படித் துன்பப்பட, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று சண்டை போடுகிறார். ஓதுவார் இருந்தால் பாடச் சொல்லிக் கேளுங்கள். சாயரட்சை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கேட்டால் நிதானமாகப் பாடுவார்.